சந்தைத் தெருவில் விழுந்த ஒரே ஆள்

ஏப்ரல் 3
இப்படியெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? தங்கை மகனைக் காவலர்கள் பிடித்துப் போய்விட்டார்கள். நேற்று சந்தைநாள். உச்சிவேளையில் துறைமுகக் கிடங்கிலிருந்து பட்டு மூட்டையோடு ஓடியவன் இவன்தான் என்று காவலாளி அடித்துச் சொல்கிறான். இவனோ, "சந்தைத் தெருவுல வண்டியிலேயே தூங்கிட்டேன்" என்கிறான்.

அதே நேரத்தில்தான் படக்காரர் தன் மாடி ஜன்னலிலிருந்து அந்தத் தெருவைப் படம் பிடித்தார். ஊருக்கே முதல் படப்பெட்டி. பக்கத்தில் நின்று, மூடியை எப்போது திறப்பது என்று கைகாட்டியதே நான்தான்!

ஏப்ரல் 4
தங்கை சாப்பிடவில்லை. "அண்ணா, ஊரெல்லாம் அளக்குறியே, என் புள்ளைக்கு ஒரு வழி சொல்லேன்" என்றாள். சுருக்கென்றது.

படக்காரர் வீட்டுக்கு ஓடினேன். படம் விழுந்த வெள்ளித் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் தேடினேன். தெருவில் ஈ காக்கை இல்லை. அன்றைக்கு இருந்த கூட்டமென்ன! எல்லாரும் எங்கே?

"மூடியைப் பத்து நிமிஷம் திறந்து வெச்சிருந்தேன். நடமாடுறவங்க இதுல விழமாட்டாங்க. அசையாம கிடக்கணும்" என்றார் படக்காரர்.

விளக்குக் கம்பத்தடியில் ஒரு வண்டி. அதில், காலில் துணிக்கட்டோடு, வாயைப் பிளந்துகொண்டு, நம்ம பையன்!

ஏப்ரல் 6
நீதிபதி தகட்டை உற்றுப் பார்த்தார். "இவனுக்குக் கட்டு வலது கால்ல இருக்கு. படத்துல இடது கால்ல இருக்கே?"

தங்கை என் கையை இறுகப் பிடித்தாள்.

"ஐயா, கடைப் பலகையைப் பாருங்க, எழுத்தும் திரும்பித்தான் இருக்கு. கண்ணாடியில பார்க்கிற மாதிரி" என்றார் படக்காரர். படம் சந்தைநாளில் எடுத்ததென்று சத்தியமும் செய்தார். கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. உச்சிவேளை.

விட்டுவிட்டார்கள்.

"தூங்குமூஞ்சின்னு திட்டித் தீர்த்தேனே அண்ணா!" என்று தங்கை அழுதாள், சிரித்தாள்.

ஏப்ரல் 7
பையன் மறுபடி தூங்குகிறான். யாரும் எழுப்பவில்லை.

ஏப்ரல் 9
"மாமா, நீங்க மூடியைத் திறக்கச் சொன்ன கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான் பையன். சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? நான் மாடிப்பக்கமே போகவில்லை. புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு, படத்தில் நன்றாக விழவேண்டுமென்று, பெட்டிக்கு நேரே தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தேன். பூதக்கண்ணாடியை வாங்கியதும் முதலில் தேடியது என்னைத்தான்.