நாலு விரல் பதிந்த ஹாரன்

மாமா, என் கையெல்லாம் புது ரப்பர் வாசனை. சோப்பு போட்டும் போகவில்லை. மீன் விற்கிறவள் கையில் இது எப்படி வந்தது என்று கேட்பாய்.

உன் ஆட்டோ ஹாரனை, பழைய வண்டிச் சாமான்கள் வைத்திருக்கும் அந்த அடையாறு மியூசியத்துக்கு நீயேதான் கொடுத்தாய். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாயா? அடிக்கடி போய், வந்தவர் போனவருக்கெல்லாம் அமுக்கிக் காட்டினாய். கடைசியில் அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

நீ கண்ணை மூடிய பிறகு வீட்டில் சத்தமே இல்லை. ஹாரன் ஆட்டோவில் இருந்த நாளில், நொச்சிக்குப்பத்தில் நான் மீன் விற்கும் இடத்துக்கு வந்து இரண்டு தடவை அமுக்குவாய். டீ குடிக்க வா என்று அர்த்தம்.

"இன்னாமே, காது கேக்கல?"

"ஊருக்கே கேக்குது, எனக்குக் கேக்காதா? செத்த மீனுகூட எழுந்து ஓடிடும் போல கீது."

அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்றுதான் நேற்று அடையாறு போனேன்.

கண்ணாடிப் பெட்டி காலி. அங்கே வேலை செய்யும் மாலதி என்ற பெண் என்னை உள்ளே கூட்டிப் போனாள். வெளிச்சம் படாத, ஜில்லென்ற அறை. ஹாரனின் ரப்பர் உருண்டையைக் கழற்றி, காற்று புகாத பையில் படுக்க வைத்திருந்தார்கள். பித்தளைக் குழல் வேறு டப்பாவில். ஒட்டி இருந்தால் பித்தளை ரப்பரைக் கெடுத்துவிடுமாம்.

"புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சி வெச்ச மாதிரி கீதே," என்றேன். சிரித்தாள்.

"ஒரே ஒரு தபா அமுக்கிப் பாக்கட்டா கண்ணு?"

"உடைஞ்சிடும்மா. முதல்ல பிசுபிசுன்னு ஆச்சு, இப்போ கல்லு மாதிரி இறுகிடுச்சு. எண்ணெய் ஏதாவது பட்டுச்சா?"

"எங்க வூட்டுக்காரரு தெனம் தேங்கா எண்ணெய் தடவுவாரு. முடிக்கு நல்லதுன்னா ரப்பருக்கும் நல்லதுதான்னு சொல்வாரு."

மாலதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எண்ணெய்தாம்மா ரப்பருக்கு எமன்."

எனக்கு உன் வழுக்கைத் தலை ஞாபகம் வந்தது. முடியும் நிற்கவில்லை, ரப்பரும் நிற்கவில்லை. அந்த அறையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு அவள் பையைத் திருப்பிக் காட்டினாள். உருண்டையில் ஒரு பக்கம் நாலு பள்ளம், மறு பக்கம் ஒன்று. உன் விரல்கள். "இதையும் சேர்த்துத்தாம்மா காப்பாத்துறோம்," என்றாள். அவளே சொன்னாள்: "குழல் நல்லாத்தான் இருக்கு. புது உருண்டை வாங்கிட்டு வாங்க, மாட்டிப் பாக்கலாம்."

இன்று காலை புதுப்பேட்டை வண்டிச் சாமான் கடையில் வாங்கிக்கொண்டு போனேன். அவள் மாட்டிக் கொடுத்தாள். இரண்டு தடவை அமுக்கினேன்.

அதே சத்தம், மாமா. என்னை அறியாமல், "இரு, வரேன்," என்று சொல்லிவிட்டேன். மாலதி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழல் மறுபடி டப்பாவுக்குப் போய்விட்டது. புது உருண்டை என் பையில் இருக்கிறது. குழல் இல்லாமல் அமுக்கினால் புஸ்ஸென்று காற்றுதான் முகத்தில் அடிக்கிறது. இருக்கட்டும். டீ நேரத்துக்கு இரண்டு தடவை அமுக்கிக்கொள்கிறேன்.

எண்ணெய் மட்டும் தடவ மாட்டேன்.