இடப்பக்கம் தள்ளும் சுவிட்ச்

மார்ச் 4

அண்ணன் இன்றும் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு செத்த ரேடியோவைத் தூக்கி வந்தான். உள்ளேயிருந்த மெழுகுக் காகிதம் சுற்றிய மின்தேக்கிகளை, அதுதான் கெப்பாசிட்டர்களை, கழற்றி மோந்துகூடப் பார்த்தான். கிடார் ஆம்ப்ளிஃபயரில் இதைப் போட்டால்தான் சத்தத்துக்கு உயிர் வருமாம்.

போன தடவை வந்த உயிர் மேடையிலேயே போனது. பாதிப் பாட்டில் அந்தக் கிழட்டுக் கெப்பாசிட்டர் கசிந்து, ஆம்பின் கண்ணாடி வால்வு சிவந்து, ஒரே புகை. அதை வாங்கிய கிடார்க்காரர் நல்ல மனுஷர். "இன்னொண்ணு செஞ்சு குடுங்க. அதுவும் மேடையில படுத்துச்சுன்னா உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லித்தான் எங்களிடம் நாலு பேர் வருகிறார்கள். அவர் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மார்ச் 6

சண்டை. பாகம் பொறுக்குவது அவன், ஈயம் உருக்கிப் பற்றவைப்பது நான். புதுக் கெப்பாசிட்டர் கசியாது என்றால், "பிளாஸ்டிக்ல எங்கடி உயிர் இருக்கும்?" என்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான்.

மார்ச் 7

ஒரு யோசனை. கெட்ட யோசனை. ரொம்பப் பிடித்திருக்கிறது.

மார்ச் 9

ஆம்பில் ஒரு சுவிட்ச். இடப்பக்கம் தள்ளினால் பழசு, வலப்பக்கம் புதுசு. கிடார்க்காரரே வாசித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்றேன். அண்ணன் துள்ளிக் குதித்தான்.

பற்றவைத்தது நானாயிற்றே! பழசை உள்ளே அழகாக உட்காரவைத்தேன். ஒரு கம்பிகூடச் சேர்க்கவில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் புதுசுதான். இரண்டு பேரும் வித்தியாசமே தெரியலை என்று விழிக்கும்போது மூடியைத் திறந்து காட்டுவேன்.

மார்ச் 12

ஐயோ. கிடார்க்காரர் கண்ணை மூடி வாசித்தார். இடப்பக்கம் தள்ளினேன்.

"ஏம்மா, இப்ப என்ன பண்ணின? அப்படியே குழைஞ்சு வருதே!"

"பாத்தியாடி?" இது அண்ணன்.

வலப்பக்கம். "இது வறட்டு வறட்டுனு இருக்கு தம்பி."

அப்புறம் இருவருக்கும் தகராறு, இடப்பக்கம் வருவது குழைவா, கனமா என்று. தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்கு ஓடி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

சொல்லிவிடத்தான் திரும்பி வந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். புகை வந்த நாளுக்குப் பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எப்படிச் சொல்றது? பாவமா இருந்துச்சு. கிடார்க்காரர் ஆம்பை அந்தச் சுவிட்சோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 15

இன்று அவருக்கு மேடை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

மார்ச் 16

புகை இல்லை! கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடியிருக்கிறது! "முழுக்க இடப்பக்கம் வச்சுத்தான் வாசிச்சேன்" என்றாராம். நான் முழித்த முழியை அண்ணன் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 2

புதிதாக மூன்று பேர் கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் "அந்த சுவிட்ச்" வேண்டுமாம். அண்ணன் ரேடியோ தேடி அலைகிறான். அலையட்டும். ஒன்றையும் நான் கம்பியில் சேர்ப்பதாக இல்லை.

ஏப்ரல் 10

புதிதாகக் கேட்ட மூன்றில் முதல் ஆம்ப் முடிந்தது. அண்ணன் வீட்டில் இல்லை. எல்லாம் சரியா என்று நானே கிடாரை எடுத்து மீட்டினேன். வலப்பக்கம் - சரி. இடப்பக்கம் -

குழைவாகத்தான் இருக்கிறது.

சீ, நான் பத்தவச்சது எனக்கே தெரியாதா? மறுபடி வலம். மறுபடி இடம். கை தவறிக் கம்பியைச் சேர்த்துவிட்டேனோ என்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சேரவில்லை. மூடியை மாட்டினேன். சுவிட்சை இடப்பக்கமே விட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தேன்.