பானைப் பக்கம்

1852 மார்ச் 4

துணி துவைக்க உட்கார்ந்தேன், அச்சகக்காரர் ஸ்வெயின் வந்துவிட்டார். அடிமையாயிருந்து தப்பி வந்த கதையை நான் எழுதிய புத்தகம் மூன்றாம் பதிப்பு போகிறதாம். "இன்னும் ரெண்டு சவுக்கடி சேருங்கம்மா, பாஸ்டன் சீமாட்டிங்க அழணும்" என்கிறார். என் முதுகில் இருப்பது போதாதா இவருக்கு? உரித்து அட்டையாகப் போடச் சொல்லுவார் போலிருக்கிறது.

எல்லோருக்கும் பானைப் பக்கம்தான் பிடித்திருக்கிறதாம். மேரிலாந்தில் நாங்கள் குடிசைக்குள் ரகசியமாக ஜெபம் செய்யும்போது வாசலில் இரும்புப் பானையைக் கவிழ்த்து வைப்போம். சத்தத்தை அது விழுங்கிவிடும். எஜமான் மேஜரின் மூக்குக்குக் கீழேயே பன்னிரண்டு வருஷம்! அந்த முட்டாளை ஊரறியக் கேலி செய்ததில் எனக்கு இன்னும் ஆனந்தம்தான்.

மார்ச் 9

அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசப் போனேன். தடியோடு இருபது பேர் புகுந்தார்கள். "கறுப்பச்சிக்கு ஏதுடி எழுத்து? எந்த வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்தான்?" என்று ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் கட்டைவிரலைக் கடித்தேன். எலும்பு தட்டும்வரை விடவில்லை. எனக்கு இரண்டு பல் போயிற்று. எழுத்துக் கேட்டானே, கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 20

ஜோதம் வந்தான். மேரிலாந்தின் பால்டிமோர் துறைமுகத்துக்குப் போய்வரும் கப்பலில் சமையல்காரன். அங்கிருந்து எங்களுக்குச் சேதி வருவது இவன் வாய்வழியாகத்தான்.

"டோர்கஸக்கா, உக்காரு."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுடா."

மேஜர் கையில் என் புத்தகம் கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலை ஆட்களோடு குடிசை குடிசையாகப் போயிருக்கிறான். பானை கவிழ்ந்திருந்த கதவையெல்லாம் உதைத்துத் திறந்து அடி. ஒரு கிழவரின் தாடையைப் பானையாலேயே உடைத்தானாம். யார் வைத்தது என்று கேட்டதற்கு, "நான்தான்" என்று முன்னால் வந்தவள் என் தங்கச்சி. மரத்தில் கட்டி முப்பத்தொன்பது அடி. பிறகு காயத்தில் உப்புத்தண்ணீர்.

"ஒவ்வொரு அடிக்கும் உன் பானைப் பக்கத்துலேர்ந்து ஒரு வரி வாசிச்சானாம்க்கா."

"உசிரோட இருக்காளா?"

"கப்பல் கிளம்புறப்ப இருந்தா."

மார்ச் 21

நான்தானே எழுதினேன். எவன் கேட்டான்? சிரிச்சுக்கிட்டே எழுதுனேனே — பாவி, பாவி.

ஏப்ரல் 2

அச்சகத்துக்குப் போனேன். பானைப் பக்கத்தை எடுங்கள் என்றேன்.

"அதுதானம்மா புத்தகத்துக்கே உயிர்."

"என் தங்கச்சி உயிரு?"

அவர் மறுபடி அச்சுத்தாளைப் பார்க்கக் குனிந்தார். அந்தப் பக்கத்துக்குக் கோர்த்து வைத்திருந்த எழுத்துகளைச் சட்டத்தோடு தூக்கித் தரையில் போட்டேன். ஈய எழுத்துகள் மூலைமுடுக்கெல்லாம் சிதறின. என் கையை முறுக்கினார். மரச் சுத்தியால் அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டேன். நொறுங்கியது காதில் கேட்டது.

"கான்ஸ்டபிளைக் கூப்பிடுவேன்! ஓடிவந்தவளை எங்கே திருப்பி அனுப்புவாங்கன்னு தெரியும்ல?"

அடிமை ஒழிப்புக்காரர் வாயில் வந்த வார்த்தை இது. சொன்ன பிறகு அவர் முகமே வெளுத்துவிட்டது. "கூப்பிடுய்யா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. அவரைக் கொன்றிருப்பேனா? இருப்பேன்.

ஏப்ரல் 19

ஜோதமின் கப்பல் இன்னும் வரவில்லை.

மே 11

ஜோதம் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

நேராக அச்சகத்துக்குப் போனேன். ஸ்வெயின் மணிக்கட்டில் போட்ட கட்டோடு எழுந்து நின்றார். பானைப் பக்கத்தை நீக்கிவிட்டதாகச் சொன்னார். தலையாட்டிவிட்டு, பிழை பார்க்க வைத்திருந்த தாள்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மேரிலாந்தில் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் பெயரை நாங்கள் எழுதுவதில்லை, சொந்த நாட்குறிப்பில்கூட. புத்தகத்தில் அவளுக்கு ரூத் என்று பேர் வைத்திருந்தேன். ரூத் வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, மேலே அவள் பேரை எழுதினேன்.

ஸ்வெயின் எட்டிப் பார்த்தார். "நிஜப் பேரா? அவங்களுக்கு ஆபத்தாச்சேம்மா?"

"இனிமே இல்ல."

என் தங்கச்சி பேர் கெசையா.