பலூன்களும் எதிர்ச் சுவரும்

ஜன. 5, திங்கள்
பனி. ஜன்னலுக்கு வெளியே மலையே இல்லை. வாங்க: தீப்பெட்டி, சாமை அரிசி, பலூன் ஒரு பாக்கெட். நாளை பதினொன்றாம் வகுப்புக்கு மூலக்கூறு வடிவங்கள்.

வெள்ளி இடமாறுதல் கலந்தாய்வு. கீழே எங்கள் ஊர் கலசப்பாக்கத்தில் வேதியியல் இடம் காலி. ஃபோனில் வீட்டுக்காரர்: "இந்த வாட்டி எடுத்துடும்மா. பாப்பாவும் ஹாஸ்டல் போய்ட்டா. காலி வூட்ல நானே இருமுனா எனக்கே பயமா கீது."

பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பார். போகவில்லை.

ஜன. 6, செவ்வாய்
மீத்தேனை நோட்டில் வரையச் சொன்னேன். எல்லாரும் கூட்டல் குறி. நடுவில் கார்பன், நாலு பக்கமும் ஹைட்ரஜன். தாள் தட்டையாக இருப்பதால் வருகிற தப்பு.

நாலு பலூனை ஊதி, கழுத்தைச் சேர்த்துக் கட்டினேன். யாரும் அடுக்கவில்லை. தானாகத் தள்ளித் தள்ளி நின்றுகொண்டன. நான்முகி. தாளில் கிடைக்காத இடம் காற்றில் கிடைத்தது.

"சண்டை போட்டுக்கினு நிக்குதா மிஸ்?" என்றாள் செல்வி. பின் பெஞ்சிலிருந்து, "உன்னாட்டம்!"

சண்டை இல்லை. எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கும். நடு அணுவை விட்டுப் போகாது. போகாமல் எவ்வளவு தள்ளி நிற்கலாமோ அவ்வளவு. எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். இன்றுதான் என் காதில் விழுந்தது.

ஜன. 7, புதன்
பலூன்களை அறை உத்தரத்தில் கட்டியிருக்கிறேன். மெல்லச் சுற்றுகின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் சாதம் குழைந்துவிட்டது.

அம்மோனியா. நாலில் ஒன்று எதனோடும் சேராத தனித்த இரட்டை. வடிவத்தின் பெயரில் அது வராது. ஆனால் அதுதான் அதிக இடம் எடுக்கும், மற்ற மூன்றையும் நெருக்கும்.

எனக்கு அது இந்தச் சாயங்காலம். யாரும் எதுவும் கேட்காத நேரம். வாரக்கடைசியில் மட்டும் மனைவி. அதில் குறையில்லை, ஆசையும் குறையவில்லை. தினமும் என்றால்தான் பயம்.

ஜன. 8, வியாழன்
குளிரில் ஒரு பலூன் சுருங்கிவிட்டது. மற்ற மூன்றும் நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. பாப்பா போனபின் நாங்கள் இரண்டே பேர். இரண்டு என்றால் நேர்க்கோடு, எதிரெதிர் முனை.

ஃபோனில் சொல்லிவிட்டேன். "உங்கள புடிக்காம இல்லீங்க. சாயங்காலம் எனக்குத் தனியா வேணும்."

சத்தமே இல்லை.

"சிக்னல் போச்சா?"

"இல்ல. கீது." வைத்துவிட்டார்.

ஜன. 9, வெள்ளி
கலந்தாய்வில் வேண்டாம் என்றேன். கணக்கு டீச்சர்: "லட்டு மாதிரி எடம், வுட்டுட்டீங்களே!"

அவர் ஃபோனை எடுக்கவில்லை. மூன்று முறை. சாப்பிடவில்லை. சாயங்காலம் முழுக்க எனக்கே. என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜன. 10, சனி
பனி விலகவில்லை. ஊருக்குப் போகப் பையை எடுத்தேன். வாசலில் அவர். கையில் பெரிய பை.

"நீ கீழ வரணும், இல்லன்னா நான் ஒத்தையா கெடக்கணும். ரெண்டே வழின்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஊர்ல நம்ம தானிய மண்டிய தம்பி பாத்துப்பான். மண்டிக்கு மலைச் சாமை வாங்கறதுக்கு நான் இங்கயே இருந்துடறேன். வெளக்கு வெச்ச பொறவுதான் வூட்டுக்கு வருவேன். போதுமா டீச்சரே?"

தலையாட்டினேன்.

மேலே பார்த்தார். "இன்னா இது, யாருக்குப் பொறந்த நாளு?"

"மீத்தேன்."

சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எங்க மாட்றது?"

இந்தச் சுவரில் ஒரே ஆணி. அதில் மறுபடியும் என் பை. எதிர்ச் சுவரைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டுச் சுத்தியல். அடிக்கிறார். பலூன்கள் ஆடுகின்றன.