தவளை வீடியோவுக்குக் கீழே

அன்புள்ள நைனா,

வேளச்சேரிக்குத் தனியாகக் குடிபோனதிலிருந்து என் போனை எடுக்க உங்களுக்கு நேரமில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். ஆனால் பழைய கம்ப்யூட்டர் கேம் வீடியோக்களுக்குக் கீழே கமெண்ட் போட மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது?

கலங்கரை விளக்கத்தில் தவளை ஏறுகிற கேம். நான் பிறக்கும் முன்பே எல்லோரும் மறந்துபோனது. நீங்கள் கதை கதையாகச் சொன்ன அந்தக் கேமின் வீடியோ தற்செயலாகக் கிடைத்ததும் கட்டிலில் ஏறிக் குதித்தேன். கீழே பார்த்தால், உங்கள் போட்டோவோடு உங்கள் கமெண்ட்!

உடனே 'பழையசோறு' என்ற பெயரில் சந்தேகம் கேட்டேன். "மூணாவது மாடில லைட்டத் தொடாத மச்சி, தவள வழுக்கி வுழுந்துடும்" என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினீர்கள். அந்தப் பழையசோறு நான்தான். பெற்ற பிள்ளையை மச்சி என்று கூப்பிட்ட முதல் அப்பா நீங்கள்தான்.

அதே வாரம் "எப்ப வருவீங்க?" என்று என் சொந்தப் பெயரில் கேட்டதற்கு, ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

"அவரப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலன்னு எழுது" என்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன்.

அந்தக் கேமின் கடைசிக் கட்ட வீடியோ நேற்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை அதைப் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். சேர்ந்து பார்க்க மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து தொலையுங்கள்.

இப்படிக்கு,
சத்தியமாக உங்கள் மகன்