நாளைக்கு யாரையும் யாரோடும் கட்டமாட்டோம்

எனக்கு முன்னால் நடந்து போய்விட்ட கன்னியக்காவுக்கு,

நாளைக்கு மறுபடியும் ஊர்வலம். போன வருஷம் போலவே ரேஷன் அரிசிக்காகத்தான். அதே புழு, அதே கல். நீ போன பிறகும் ஒன்றும் மாறவில்லை என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

கிடங்கில் உன் இடத்தில் இப்போது நான் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன வேலை? அங்கே கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நெடி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்று காலை குழாயடியில் பெண்கள் நாளைக்கான ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வளையலைக் கழற்றிவிட வேண்டும், கொண்டையை இறுக்கிப் போட வேண்டும், புகைக்குண்டு வீசினால் முகத்தை மூட ஈரத்துணி வேண்டும். கலைந்து ஓட நேர்ந்தால் கல்மண்டபத்தருகே வந்து சேர வேண்டும். எல்லாம் சரிதான். அப்போது எதிர்வீட்டுத் தாயாரம்மா சொன்னாள்: "சின்னப் பொண்ணுங்கள முந்தானையோட முடிஞ்சி இஸ்துகினு போவோம். காணாப் பூட்டா யாரு தேடறது?"

"நாம இன்னா ஆட்டு மந்தையாடி?" என்றாள் ஒருத்தி.

"ஆடா இருந்தா தழையாவது கெடைக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் குறுக்கே பேசினேன்.

"வேணாங்க்கா. முடிச்சு போடாதீங்க."

"அட, ஊமைக்கு வாய் வந்துச்சிடி!" என்றாள் தாயாரம்மா. "ஏன் வேணாம்?"

குடம் பிடித்துக்கொண்டு அம்மாவும் அங்கேதான் இருந்தாள். இருந்தும் சொன்னேன், அக்கா.

போன வருஷ ஊர்வலத்தில் நீ ஓடும்போது கால் தடுக்கி விழுந்தாய் என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே விட்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து என் தாவணியை உன் முந்தானையோடு முடிந்தது நான்தான். "இன்னாடி, எனக்கே தாலி கட்டறியா?" என்று நீ சிரித்தாய். தடியடி தொடங்கியதும் நீ சந்துக்குள் நுழைந்துவிட்டாய். நான் விழுந்தேன். முடிச்சு உன்னைத் திரும்ப இழுத்தது. வியர்வையில் நனைந்த முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாய். என்னை ஒரு கடைப்படியில் தள்ளினாய். நீ நிமிர்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. உன்மேல் ஒரு தடியும் படவில்லை. மிதித்ததெல்லாம் நம்மோடு கோஷம் போட்டவர்களின் கால்கள்தான்.

அந்த முடிச்சு அவிழாமலே போயிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அம்மா மட்டும், "இத்த உள்ள வெச்சிகினா ஒரு வருசமா சோறு துன்ன?" என்று கேட்டாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

யாரையும் யாரோடும் கட்டுவதில்லை என்று முடிவாயிற்று. கையைப் பிடிக்கலாம், விடு என்றால் விட்டுவிட வேண்டும். தெருவோரமாக நடக்க வேண்டும். எது விழுந்தாலும் எடுக்கக் குனியக்கூடாது. ஊர்வலம் நடத்தும் சங்கத்தார், இதை எழுதிக் கொடுத்தால் தங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் போடுவதாகச் சொன்னார்கள். இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படித்தாவது இப்படி முடிச்சுப் போடாமல் இருக்கட்டும்.

மத்தியானம் முழுக்க அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அடுப்பைப் பார்த்தபடியே, "நாளிக்கு நானும் வரேன்" என்றாள். "உன் பக்கத்துல நடக்க மாட்டேன். பின்னால வரேன்."

மன்னித்தாளா, அக்கா? இல்லை, மிச்சமிருக்கிற ஒருத்தியையாவது கண்ணில் வைத்துக்கொள்ளத்தானா? எனக்குத் தெரியவில்லை.

பேசி முடித்ததையெல்லாம் நாளைக்கு ஒழுங்காகக் கடைப்பிடிப்பேன். ஆனால் பின்னால் அம்மா விழுந்தால் நான் திரும்புவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. ஓடு என்று நீ சொன்னாலும் கேட்கமாட்டேன்.

உன் தங்கை,
செல்லம்மா