கட்டிலுக்கடியில் ஐந்து பைகள்

திருவொற்றியூர்க் குப்பம்,
ஜனவரி 21

அன்பு மகள் பவானிக்கு,

நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல உடம்போடு இருக்கிறோம், எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் குறைவில்லாமல் இருக்கிறது. பிரான்சுக் குளிருக்கு உன் உடம்பு ஈடு கொடுக்கிறது என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய், நீயும் அம்மாவும் பேசி முடித்த பிறகு எனக்கு மிஞ்சுவது "சரி நைனா, வெச்சிடட்டா" மட்டும்தான், அதனால் இந்தக் கடிதம்.

டிசம்பரில் அழுதுகொண்டே பேசினாய். ஒயினுக்குப் பிழிந்த திராட்சைச் சக்கையில் வளர்த்த காளான் இரண்டாம் முறையும் செத்துவிட்டது, ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டாய். அம்மா போனை என் கையில் திணித்தாள். முப்பத்திரண்டு வருடம் அலுவலகக் கோப்பு பார்த்தவனுக்கு, தெரியாத விஷயத்தில் கையெழுத்துப் போடுவது புதிதல்ல, ஆனாலும் மகள் விஷயத்தில் மனம் வரவில்லை. உன் வேலையை நானே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

என்னோடு வேலை பார்த்த ராயபுரம் டெரிக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுவான், உனக்குத் தெரியும். வடித்த பிறகு மிஞ்சும் தோலையும் கொட்டையையும் இரண்டு வாளி கேட்டேன். "இன்னா எத்திராஜு, ஒயினு கேக்குறவன பாத்துகீறேன், சக்க கேட்டு வந்த மொத ஆளு நீதான் மாமு" என்று வாளியையும் சேர்த்துக் கொடுத்தான். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வாளியை முகர்ந்தவர்கள் என்னையும் பார்த்தார்கள். அறுபத்திரண்டு வருடம் ஒரு சொட்டுக் குடிக்காமல் சேர்த்த நல்ல பெயர் தேரடி நிறுத்தம் வருவதற்குள் போய்விட்டது.

அவித்த வைக்கோலில் சக்கையைக் கலந்து, மாதவரத்தில் வாங்கிய சிப்பிக் காளான் விதையைத் தூவி, ஐந்து பைகளாகக் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்தேன். ஒரு வாரத்தில் உள்ளே வெள்ளை நூல் ஓடியது. அந்த நூல்தான் சக்கையை உடைத்துத் தின்கிறது, அதுதான் பிறகு காளானாகிறது என்று நீ சொன்னது நினைவிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லாதது என் தவறு. நான் வெளியே போயிருந்தபோது பெருக்கக் குனிந்தவள் வெள்ளையைப் பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து வருடம் கருவாடு போட்ட கை. கருவாட்டில் வெள்ளை பூத்தால் உப்பு பத்தவில்லை என்று பொருள். பைக்கு மூன்று பிடி கல்லுப்புப் போட்டுக் குலுக்கிக் கட்டிவிட்டாள். மூன்றாவது பையோடு உப்பு தீர்ந்தது. நான் வந்ததும், "இன்னாய்யா படிச்ச ஆளு நீ, ஈரமா கட்டி வெக்கிற, உப்பு போட வேணா? நல்ல வேள நான் பாத்தேன்" என்றாள். உப்பு விழாத இரண்டு பைகளையும் தனியாக எடுத்து வைத்தேன்.

உப்பு விழுந்த மூன்றும் கறுத்துச் செத்தன. விழாத இரண்டும் பொங்கலுக்கு மறுநாள் கொத்துக்கொத்தாகப் பூத்தன. உங்கள் பேராசிரியர்கள் இதை ஒப்பீட்டுச் சோதனை என்பார்கள், உன் அம்மா உதவித்தொகை இல்லாமலே நடத்தி முடித்துவிட்டாள். மிளகு போட்டு வறுத்தாள், நன்றாக இருந்தது. பறித்த பிறகு பையில் மிஞ்சிய சக்கையை எதிர்வீட்டுப் பசு தின்றது. இந்தக் காளான் சுரக்கும் நொதியை வைத்து ஜீன்ஸ் துணியை வெளுக்கலாமாம், நம் மகள் அதைத்தான் எடுக்கப் பார்க்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் தொங்குகிற அத்தனையையுமா என்று கேட்டாள்.

பிறகு செத்த மூன்று பைகளையும் முற்றத்தில் வைத்து அவிழ்த்துப் பார்த்தாள். "ஏய்யா, இத நான்தான சாவடிச்சேன்?" என்றாள். முப்பது வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்குத்தான் பயமாக இருந்தது, சொன்னேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணு பைய சாவடிச்சேன், என்னிய அடுப்பாண்ட வராதன்னு சொன்னியா நீ? அவ ரெண்டு தபாதான சாவடிச்சிகீறா, அதுக்கு இன்னாத்துக்கு பொட்டி கட்றா? இருந்து ஒயுங்கா முடிச்சிட்டு வரச் சொல்லு."

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். என் பதிலும் இதுவே.

நம்மூர் வடிவுடையம்மன் உன் கூடவே நிற்பாள், நோய்நொடியில்லாமல் இரு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. மூன்றாம் முறைக்கான சக்கையைத் திங்கட்கிழமையே கேட்டு வாங்கி வை.

உன் நைனா,
எத்திராஜ்